நங்கூரம் இருக்கா, பாருங்க பாஸ்!

நங்கூரம்னதும் தூத்துக்குடி பசங்களுக்கு ஹார்பர் ஞாபகம்தான் வரும். ஆனா, குட்டிக் குட்டி ஐரோப்பிய வெள்ளிச் சாமான் சேர்க்கிறவங்களைக் கேளுங்க... ‘பர்மிங்ஹாம்’ என்பார்கள்! கடலே இல்லாத அந்த இங்கிலாந்து ஊரில் 1773-ல் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் ஆபீஸ் திறந்தார்கள். அதன் அடையாளம்தான் நங்கூரம். (ஹார்பர் இருக்கிற நமக்குக் கொடுத்திருக்கலாம்!) லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. கூடவே நடக்கும் சிங்கம் இருந்தால், ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி. இன்னும் ஓர் எழுத்து, எந்த வருஷம்னு சொல்லும். பொருளோட ஜாதகமே அதன் முதுகில்!

பர்மிங்ஹாம் மூக்குப்பொடி டப்பாக்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைவிட சூப்பர், ‘வினிக்ரெட்’. தம்மாத்தூண்டு டப்பாவுக்குள் வாசனை வினிகரில் நனைத்த ஸ்பாஞ்ச். தெரு நாற்றம் தாங்காத சீமாட்டிகள் அதைத் திறந்து முகர்ந்துகொள்வார்களாம். வினிகர் வெள்ளியை அரிக்கும் என்பதால் உள்ளே தங்க முலாம். என்னா மூளை!

டச்சுக்காரர்கள் கதை நம்ம ஊருக்கு இன்னும் நெருக்கம். 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள், முத்து, சங்கு, துணி வியாபாரத்தில் இறங்கினார்கள். ஆசியாவில் சரக்கு வாங்க அவர்கள் கம்பெனி கப்பல் கப்பலாக அனுப்பியது வெள்ளியைத்தான். அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்கள் வெள்ளியில் பொம்மை நாற்காலி, பொம்மை அடுப்பு செய்துவைத்து அழகு பார்த்தார்கள். பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற அம்மணி பொம்மை வீட்டுக்குச் செய்த செலவில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம். அந்த வீடு இப்போ ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கு.

உஷார் பாஸ்! ஜெர்மனியின் ஹனாவ் ஊரில் 19-ம் நூற்றாண்டிலேயே பழைய முத்திரை மாதிரி போலிகளைக் குத்தித் தள்ளினார்கள். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளை, 1972 தொல்பொருள் சட்டப்படி நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேணும். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்ததா? 10 ரூபாய்க்கு மேல் தேறினாலே கலெக்டருக்குச் சொல்லணும். இது 1878 சட்டம்!

பாட்டி பெட்டியில் கறுத்துப்போன டப்பா கிடந்தால், பழைய வெள்ளி வாங்கும் கடையில் எடைக்குப் போட்டுடாதீங்க. உருக்கிட்டா ஜாதகமும் போச்சு. முதலில் லென்ஸ் வைத்து அடிப்பக்கம் பாருங்க. பளபளன்னு தேய்க்கவும் வேணாம், முத்திரை மழுங்கிடும். ரப்பர் பேண்டு போட்டாலும் கறுக்கும். நம்ம உப்புக்காத்துக்கு, டப்பா பக்கத்தில் ரெண்டு சாக்பீஸ் போட்டு வையுங்க. ஈரத்தை அது இழுத்துக்கும்.