ஐந்தொகையில் விட்டுப்போன வரவு

வருஷம் முடிந்தால் ஐந்தொகை எழுதுகிறோம். சரக்கு இருப்பு, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் காசு பிசகாமல் ஏறிவிடும். நம் சொந்த வாழ்க்கைக் கணக்கில் மட்டும் ஒரு வரவை எழுத மறக்கிறோம். தொடங்கிய நாளில் பிறர் நம்மை நம்பிக் கொடுத்ததே அந்த வரவு.

நம் ஊர் ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். பஞ்சு வியாபாரத்தில் கைமுதலை இழந்தார். இவை பாதகங்கள். ஆனால் 1920இல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் அவர் பஸ் விட்டபோது, ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவி துணை நின்றது. உழைப்பு நாயுடுவுடையது, நம்பிக்கை துரையுடையது. அந்த ஒரு பஸ்தான் பின்னால் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது.

சென்ற மாதம், நம் கடையில் பதினோரு வருஷம் எடை போட்ட தம்பி ஒருவர் வந்தார். குனியமுத்தூர் பக்கம் மளிகைக்கடை வைக்கிறாராம். பதினைந்து நாள் தவணையில் சரக்கு வேண்டுமாம். வழக்கப்படி, "ஜாமீன் யாரப்பா?" என்றோம்.

"ஏனுங்க முதலாளி, ஜாமீன் போட ஆள் இருந்தா இத்தனை வருஷம் மூட்டை தூக்கியிருப்பேனுங்களா?" என்றார்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. 1984இல் நாம் கடை திறந்தபோது, பத்து மூட்டை துவரம்பருப்பைக் கடனாக இறக்கிய மண்டிக்காரர் ஜாமீன் கேட்கவில்லை. அப்பாவின் பெயரே அவருக்குப் போதுமாக இருந்தது. அதைத்தான் நாற்பது வருஷமாக நம் சாமர்த்தியம் என்று சொல்லி வந்திருக்கிறோம். நம் நாணயத்தை அன்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்தத் தம்பியின் நாணயத்தையோ பதினோரு வருஷம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுங்கள் என்று சொல்லவில்லை. வாராக்கடனில் கை சுட்டவர்கள்தான் நாமும். முதலில் சிறு தொகை, ஒரு வாரத் தவணை, கையெழுத்துப் போட்ட சீட்டு. மூன்று முறை சொன்ன நாளில் பணம் வந்தால் தொகையைக் கூட்டலாம். ஆள் பலம் இல்லாதவருக்கு அவருடைய நடத்தையே ஜாமீன்.

மறுநாள் தம்பியை அழைத்து அப்படியே சரக்கு போட்டோம். இரண்டு தவணை சொன்ன நாளில் வந்துவிட்டது. மூன்றாவது வருகிற திங்கட்கிழமை.