உங்க போன்ல இன்னொருத்தர் பெயரா? 'கேச்' செய்யும் குளறுபடி... உஷாரா இருப்பது எப்படி?

ராமநாதபுரம் அருகே உள்ள உத்தரகோசமங்கையில், மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பிலேயே காட்சி தருவார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தையொட்டி அந்தச் சந்தனம் களையப்படும்போது, அவரைத் தரிசிக்க பெருங்கூட்டம் திரளும். இப்போதெல்லாம் இதுபோன்ற பயணங்கள் போனில்தான் தொடங்குகின்றன. ரயில் டிக்கெட், தங்கும் அறை, பணம் செலுத்துவது என எல்லாமே ஆன்லைன்தான்.

பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சர்வர் திணறும். அதைத் தவிர்க்க, ஒருமுறை தயாரித்த பக்கத்தை நகலெடுத்து வைத்து, அடுத்தடுத்து வருபவர்களுக்கு அதையே கொடுப்பார்கள். இதுதான் 'கேச்'. ரயில் கால அட்டவணைக்கு இது சரி. எல்லோருக்கும் ஒரே விவரம்தானே! ஆனால், உங்கள் பெயரும் முகவரியும் உள்ள பக்கம் தவறுதலாக அப்படி நகலெடுக்கப்பட்டால்? அடுத்து வருபவர் கையில் உங்கள் விவரம் இருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்தது

2015 டிசம்பர் 25. வீடியோ கேம்களை விற்கும் 'ஸ்டீம்' தளத்தில் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தது. அப்போது தளத்தை முடக்கும் நோக்கில் ஒரு தாக்குதலும் நடந்தது. அதைச் சமாளிக்க கேச் அமைப்பில் அவசரமாகச் செய்த மாற்றம் ஒன்று தவறாகிப்போனது. லாக்-இன் செய்தவர்களின் பக்கங்களும் நகலாகி, வேறு நபர்களுக்குப் போயின. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது அதை நடத்தும் வால்வ் நிறுவனம். முகவரி, இமெயில், வாங்கிய பொருட்களின் பட்டியல் போன்றவை சில பக்கங்களில் தெரிந்தன. பாஸ்வேர்டும் முழு கார்டு எண்ணும் வெளியாகவில்லை.

2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியிலும் கேச் தொடர்பான பிழையால், சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன.

அர்ச்சனை சொல்லும் வழி

கோயில் அர்ச்சனையை நினைத்துப் பாருங்கள். மந்திரம் எல்லோருக்கும் பொது. பெயர், நட்சத்திரம் மட்டும் ஆளுக்கு ஆள் கேட்டுச் சொல்லப்படும். இணையப் பக்கத்துக்கும் அதேதான் தீர்வு. பொதுவான பகுதியை மட்டும் கேச்சில் வைத்து, உங்களுக்கான விவரத்தை ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்து புதிதாக எடுத்துச் சேர்க்க வேண்டும். 'இந்தப் பக்கத்தைச் சேமிக்காதே' என்று கட்டளையிடவும் வசதி உண்டு. இதைச் செய்ய வேண்டியது தளத்தை நடத்துபவர்களின் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வேறொருவர் பெயர் தெரிந்தால் எதையும் தொடாதீர்கள், பணம் செலுத்தாதீர்கள். உடனே வெளியேறி, கஸ்டமர் கேருக்குத் தெரிவியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்; அது இன்னொருவரின் அந்தரங்கம்.

* தவறு சர்வரில் என்றால், உங்கள் போனில் கேச்சை அழிப்பதால் மட்டும் அது சரியாகாது.

* பிரவுசிங் சென்டரில் லாக்-அவுட் செய்த பிறகும், 'பேக்' பட்டனை அழுத்தினால் சில தளங்களில் பழைய பக்கம் தெரியலாம். இன்காக்னிட்டோவில் பயன்படுத்தி, முடித்ததும் எல்லா விண்டோக்களையும் மூடிவிடுங்கள்.

* பணம் கட்டியும் 'புக் ஆகவில்லை' என்று காட்டுகிறதா? அது பழைய நகலாக இருக்கலாம். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து, எஸ்.எம்.எஸ்ஸையும் வங்கிக் கணக்கையும் பார்த்த பிறகே மறுபடி பணம் கட்டுங்கள்.

திருவிழாவோ, தள்ளுபடியோ... கூட்டம் அதிகமாகும் நாளில்தான் கேச்சின் உதவி அதிகம் தேவைப்படும். அதனால், அன்றைக்கு 'பே' பட்டனை அழுத்தும் முன், திரையில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்!