தோட்டத்துப் பக்கம் மேம்பாடு: ஆட்சேபத்தை எங்கே சொல்வது?

சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்கள் பல, வீடமைப்பு நிலங்களாக மாறி வருகின்றன. பலகை நட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. காரணம் உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவு ஆட்சேபிக்க 21 நாள் தருகிறது. ஆனால் அந்தக் கடிதம் பக்கத்து நில உரிமையாளருக்குத்தான் போகும். மூன்று தலைமுறையாகத் தோட்ட வீட்டில் இருப்பவருக்கு வராது; வீடு நிர்வாகத்துடையது அல்லவா!

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டில் அந்தத் தடை இல்லை. 2015ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டம் என்றால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும்; யாரும் கருத்து எழுதலாம். முதல் அட்டவணைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே எந்த அட்டவணை என்று சுற்றுச்சூழல் துறையில் முதலில் கேட்க வேண்டும்.

மாநில எல்லையை ஒட்டிய புரோகாவில் எரியுலைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2007இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. எல்லாராலும் அவ்வளவு தூரம் போக முடியாது.

"திட்டம் வேண்டாம்" என்ற 100 கையெழுத்தைவிட, எந்த ஓடை, சென்ற மழைக்குத் தண்ணீர் எந்த வீடு வரை ஏறியது, லாரி எந்நேரம் பள்ளி வாசலைக் கடக்கும் என்று எழுதிய ஒரு கடிதம் கனமானது. அதற்கு "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்பது பதிலாகாது. வண்டல் குளமும் லாரி நேரமும் அங்கீகார நிபந்தனையில் இடம்பெற வேண்டும். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவில், நிபந்தனையை மீறுவது குற்றம்.