அஸ்கிரியவின் மூக்கு, இரண்டு கிராம் சட்டம்

போதைப்பொருள் வேட்டை என்றாலே கொழும்பு, கட்டுநாயக்க, நடுக்கடல் என்றுதான் நம் அம்பிட்டியவில் பேச்சு ஓடும். ஆனால் அந்த வேட்டையின் மிக நுட்பமான கருவி தயாராகும் இடம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது தெரியுமா? 1893இல் தொடங்கிய நம்மூர்க் குருமடத்தைத் தாண்டிச் சரிவில் இறங்குங்கள். ஏரியைச் சுற்றி, நகர நெரிசலைக் கடந்து, எதிர்ப்பக்க மேட்டில் ஏறுங்கள். அஸ்கிரிய! கிரிக்கெட் மைதானத்துக்காக உலகம் அறிந்த அதே அஸ்கிரியவில்தான் இலங்கைப் பொலிஸின் மோப்ப நாய்ப் பிரிவுத் தலைமையகம் இருக்கிறது. இந்தப் பிரிவு 1948இல் உருவானது. அப்போது பொலிஸ் மா அதிபராக இருந்தவர் சேர் ரிச்சர்ட் அலுவிஹாரே; அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர்.

வாருங்கள், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்!

நாய் தேடுவது பந்தை!

முதல் ஆச்சரியம் இதுதான். மோப்ப நாய்க்குப் போதைப்பொருளைக் கொடுத்துப் பழக்குகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். இல்லவே இல்லை! நாய்க்கு அது போதையும் இல்லை, குற்றமும் இல்லை, வெறும் விளையாட்டு. குறிப்பிட்ட ஒரு வாசனையைக் கண்டுபிடித்தால் பிடித்தமான பந்தோ துணிச்சுருளோ கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. பல மாதங்கள் அந்த விளையாட்டு நடக்கிறது. பிறகு பெட்டி, பை, வாகனக் கதவின் உட்புறம் என்று ஒளிவிடங்கள் கடினமாகிக்கொண்டே போகின்றன. நாயின் உற்சாகம் மட்டும் குறைவதே இல்லை.

மனித மூக்கில் வாசனை உணரும் கலங்கள் சுமார் 60 இலட்சம். நாயின் மூக்கில் 30 கோடி வரை! அந்த மூக்கு பிடிப்பதும் நாம் நினைக்கிற பொருளை அல்ல. ஹெரோயின் தயாரிப்பில் எஞ்சி நிற்கும் அசற்றிக் அமிலத்தின் வாடையை, அதாவது நம் வீட்டு வினாகிரியின் காரமான வாடையை, அது இனங்காண்கிறது. கொக்கெயினிலிருந்து மெல்லக் கசியும் மெதைல் பென்சோயேற்று என்ற ஆவி அதற்குப் போதும். கோப்பித்தூளாலும் மிளகாய்த்தூளாலும் மூடி மறைத்தாலும் அதன் மூக்கு ஒவ்வொரு வாசனையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும்.

கண்டுபிடித்ததும் நன்கு பழகிய நாய் பாய்ந்து கிழிக்காது, அப்படியே உட்கார்ந்துவிடும். பொதி உடைந்தால் தூள் நாயின் உயிருக்கே ஆபத்து, சாட்சியமும் கெட்டுவிடும். மூச்சு வாங்க நாக்கைத் தொங்கவிட்ட நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் சற்று நேரம் வேலை, பிறகு ஓய்வு, தண்ணீர், தட்டிக்கொடுத்தல். நாயின் காது அசைவிலேயே அதன் மனத்தைப் படிக்கிற பொலிஸ்காரரைப் பார்த்தால், அந்தக் கூட்டணிக்குக் கை தட்டத் தோன்றும்.

கடலிலிருந்து கராம்பு வரை

இந்த மூக்குகளை அழைக்கும் அமைப்புகளில் முதன்மையானது பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம். 1973இல் தொடங்கியது. கையில் இருந்த சட்டமோ 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். ஹெரோயின் நாட்டுக்குள் பரவத் தொடங்கிய பின்னர், 1984இல் அது இறுக்கப்பட்டது. 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று அந்தத் திருத்தம் விதித்தது. 2022இல் 'ஐஸ்' என்ற மெதம்பெற்றமைனுக்கும் 5 கிராம் என்ற எல்லை வந்தது. 1976க்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், தீர்ப்பின் பாரம் பாரம்தான்.

சரக்கு வரும் வழிகளைக் கேட்டால் தலை சுற்றும். ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து புறப்படும் படகுகள் ஆழ்கடலில் நம் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்கு ஹெரோயினையும் ஐஸையும் கைமாற்றுகின்றன. கேரள கஞ்சா பாக்கு நீரிணையைக் கடந்து வருகிறது. அதனால் பணியகம் தனியாக எதையும் சாதிப்பதில்லை. கடற்படை, சுங்கம், விசேட அதிரடிப்படை என எல்லோரும் ஒரே மேசைக்கு வருகிறார்கள். ஏலமும் கராம்பும் மணக்கும் நம் மலைகளுக்குச் சரக்கு ஏறும் முன்பே அதைக் கடலில் மறிக்க முடிந்தால், அதுதான் பெரிய வெற்றி.

பெருவிரல் ரேகையும் அரக்கு முத்திரையும்

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி! சினிமாவில் கைவிலங்கு போட்டதும் கதை முடிந்துவிடும். இங்கே அப்போதுதான் கதையே ஆரம்பமாகிறது.

பிடிபட்ட பொதியைச் சந்தேகநபரின் கண்முன்னே நிறுக்க வேண்டும். தராசு கைவசம் இல்லாத பொலிஸார் நகை அடகுக்கடைக்கே பொதியையும் ஆளையும் அழைத்துச் சென்று நிறுத்த கதைகள் நீதிமன்றத் தீர்ப்புகளில் பதிவாகியிருக்கின்றன. தங்கம் நிறுக்கும் தராசில் ஹெரோயின்! பிறகு உறையிட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சந்தேகநபரின் பெருவிரல் ரேகையையும் பதிக்கிறார்கள். வழக்குப் பொருளுக்கு ஓர் இலக்கம். யாரிடமிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாற்றமும் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அந்த உறை போய்ச் சேருவது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அதன் பிறகே சோதனை. கலப்படத் தூளில் தூய ஹெரோயின் எவ்வளவு என்று அவர்கள் சொல்லும் எண்ணில்தான் ஒரு மனிதரின் ஆயுளே தொங்குகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் வழக்கே கவிழும். குற்றவாளி தப்பவும் கூடும். நிரபராதி மாட்டவும் கூடும்.

வழக்குக்குத் தேவையானது போக மிச்சம்? நீதிமன்ற உத்தரவோடு அழிப்பார்கள். 2018 ஜனவரியில் கட்டுநாயக்கவில் 928 கிலோகிராம் கொக்கெயின் எல்லோரும் பார்க்க அழிக்கப்பட்டது. பூட்டிய அறையில் வைத்திருந்தால் பிடித்த சரக்கே மீண்டும் தெருவுக்கு வந்துவிடும் என்ற சந்தேகம் எழும். கண்ணுக்கு முன்னால் அழித்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

நமக்கு என்ன?

நிறையவே இருக்கிறது! இந்த அமைப்பின் உண்மையான பலம் கதவை உடைக்கும் வேகத்தில் இல்லை, உறையை ஒட்டும் பொறுமையில் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். நூறு பேரைக் கைது செய்த செய்தி ஒருநாள் தலைப்பு. ஒழுங்காக முத்திரையிட்ட ஒரேயொரு பொதி, உயர்நீதிமன்றம் வரை நின்று பேசும்.

இன்னொரு கதவும் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சிகிச்சையும் ஆலோசனையும் தடுப்புக் கல்வியும் அதன் பொறுப்பு. 1927 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை சிக்கிக்கொண்டால் அக்கம்பக்கத்தாருக்கு வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், முதலில் அங்கே பேசுங்கள். வியாபாரி வேறு, நோயாளி வேறு. பொலிஸ் தேடவேண்டியது முதலாமவனை. இரண்டாமவனுக்குத் தேவை வைத்தியம்.

உங்களையோ உங்கள் பிள்ளையையோ என்றாவது சோதித்தால் பதற்றப்படாமல் கவனியுங்கள். கண்முன்னே நிறுக்கிறார்களா, முத்திரை வைக்கிறார்களா, எழுதுகிறார்களா? அப்படிப் பார்ப்பதும் கேட்பதும் பொலிஸுக்கு எதிரான செயல் ஆகாது. அஸ்கிரிய நாயும் அதன் பொலிஸ்காரரும் மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற திறமையை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் நம் பங்கு அதுதான்!