வீடே வகுப்பறை – 9: பதினைந்தா, பதினாலு புள்ளி எட்டா?

சென்ற வாரம் குழந்தைகளின் கைச்செலவுக் கணக்கைப் பார்த்தோம். “செலவுக் கணக்கு சரி, பிள்ளை சம்பாதிக்க ஆரம்பித்தால் படிப்பு கெடாதா?” என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் படிப்பு வளரும். காசு மட்டும் கைமாறினால் வளராது. இந்த வாரம் முழுக்க அதைப் பற்றித்தான்.

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. கோடை விடுமுறையில் புத்தகக்குறி வரைந்து விற்கத் தொடங்கினாள். கெட்டித் தாளில் கோலம், கிளி, பூ வரைந்து, மேலே ஓட்டை போட்டு, பட்டு நூலில் குஞ்சம் கட்டுவாள். ஒன்று 20 ரூபாய். குடியிருப்பில் இருப்பவர்களும் எங்கள் உறவுக்காரர்களும்தான் வாடிக்கையாளர்கள்.

ஏ4 தாளின் அளவு 29.7 செ.மீ., 21 செ.மீ. அவள் முடிவு செய்திருந்த புத்தகக்குறியின் நீளம் 15 செ.மீ., அகலம் 5 செ.மீ. நெட்டுக்குத்தாக ஒரே வரிசையில் நான்கு வந்தது. “அத்தை, ரெண்டாவது வரிசைக்கு மூணு மில்லிமீட்டர்தான் குறையுது!” என்று அங்கலாய்த்தாள். மிச்சத்தில் படுக்கைவாட்டில் இரண்டு வெட்டி, தாளுக்கு ஆறு என்று ஒப்பேற்றினாள்.

29.7-ஐ 15-ஆல் வகுக்கச் சொன்னேன். 1.98 வந்தது. எதால் வகுத்தால் 2 வரும் என்று அவளே தேடத் தொடங்கினாள். 14.85 என்று கண்டுபிடித்து, கத்தரி ஓடுவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, 14.8 என்று முடிவு செய்தாள். நீளத்தில் 2 மில்லிமீட்டர் குறைத்ததும் தாளுக்கு எட்டு கிடைத்தது. தாள் 12 ரூபாய். ஒரு குறிக்கு 2 ரூபாய் ஆன தாள்செலவு ஒன்றரை ரூபாயாக இறங்கியது. தசம வகுத்தல் என்றாலே நோட்டை மூடிவிடும் பெண், அன்று வேறு எந்த அளவில் வெட்டினால் தாள் வீணாகாது என்று ராத்திரி வரை வகுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அடக்க விலை. தாள் 1.50, நூல் 1.00, உறை 0.50, கலருக்கும் பிரஷ்ஷுக்கும் பங்கு போட்டதில் 2.00. ஆக 5 ரூபாய். இலாபம் 15. மாடி வீட்டு அம்மா பத்து எடுத்துக்கொண்டு 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். “பத்து பர்சென்ட்தானே” என்று இவளும் தலையாட்டிவிட்டாள். பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். 200 ரூபாய் விற்பனையில் 20 போனது. 150 ரூபாய் இலாபம் 130 ஆனது. விலையில் 10 சதவீதம் விட்டதில் இலாபத்தில் 13 சதவீதத்துக்கும் மேல் கரைந்துவிட்டது. எதன்மேல் சதவீதம் என்று கேட்காமல் இனி அவள் எந்தக் கணக்கையும் தொடமாட்டாள்.

ஆனால் விற்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பள்ளிக் கணக்கு தானாக வந்துவிடுவதில்லை. பிரேசிலின் ரெசீஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை உளவியலாளர் தெரெசினியா நூனிஸும் உடன் ஆய்வாளர்களும் கவனித்தார்கள். 1985-இல் வெளிவந்த ஆய்வு அது. 35 வீதம் நான்கு தேங்காய்க்கு எவ்வளவு என்று கேட்டதும், மூன்றுக்கு 105, அதோடு ஒன்று சேர்த்து 140 என்று மனக்கணக்காகச் சொன்னது ஒரு பிள்ளை. அதே 35 × 4-ஐத் தாளில் கொடுத்தபோது 200 என்று எழுதியது! தெருவில் 98 சதவீத விடைகள் சரி. வெறும் எண்களாகக் கொடுத்ததில் 37 சதவீதம்தான் சரி.

நம் நாட்டிலும் இதே நிலைதான். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. கடைக் கணக்கை நொடியில் போடும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் கடைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது, நடுவில் பாலம்தான் இல்லை. அதைக் கட்டுவது பெரியவர்களின் வேலை.

1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடியும் இதுவே: கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும். அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு அப்போதே ஓர் எச்சரிக்கையும் செய்தது. வருமானத்தில் கண் வைத்து, பிள்ளைகளிடம் வேலை வாங்குவதிலேயே ஆசிரியர்கள் முனைந்தால் கல்வி பின்னுக்குப் போய்விடும் என்றது. இன்றைய பெற்றோருக்கும் அது அப்படியே பொருந்தும். ‘இந்த மாதம் எவ்வளவு வந்தது?’ என்ற கேள்வி ‘என்ன கற்றுக்கொண்டாய்?’ என்ற கேள்வியை முந்தக் கூடாது. பள்ளி நேரத்தையும் விளையாடும் நேரத்தையும் வியாபாரம் தொடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை வாழ்த்து அட்டை வரையலாம், களிமண் பொம்மை செய்யலாம், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டலாம். ஆர்டர் நோட்டை அவர்களே எழுதட்டும். பொருளோடு வைக்கும் நாலு வரிக் குறிப்பையும், தாமதமானால் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தையும் அவர்களே எழுதட்டும். மொழிப்பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வாரம் ஒரு மாலை, அந்த நோட்டுக்குப் பக்கத்தில் பள்ளிப் புத்தகத்தையும் விரித்து வையுங்கள். விற்பனையில் வந்த ஒரு கணக்கைப் புத்தக முறைப்படி எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ள ஒரு கணக்கைக் கடை வியாபாரமாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். வியாபாரம் அடுத்த விடுமுறையில் நின்றே போகலாம். இப்படிப் பழகிய பிள்ளை, எந்தக் கணக்கையும் பார்த்து மிரளாது.

அடுத்த வாரம்: விற்காமல் தங்கிவிட்ட பொருளை என்ன செய்வது?

(தொடரும்)