கால் கிடைச்சாச்சு, அதுக்கப்புறம்?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்குப் பேசப் போறது செயற்கைக் கால், காலிபர், ஸ்ப்ளின்ட் மாதிரி உடம்போட மாட்டிக்கிட்டு வாழற சாதனங்களைப் பத்தி. நான் அன்னூர்க்காரன். இடது கால் முட்டிக்குக் கீழ இல்லைங்க. சத்தி ரோட்டுல ஒரு பைக் ஆக்சிடென்ட், ஆறு வருஷம் ஆச்சு. அந்தக் கதையைச் சொல்லப் போறதில்ல. எனக்கு இருக்கற கேள்வி வேற.

மேடை போட்டு செயற்கைக் கால் குடுக்கற போட்டோ நீங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தக் கால் எங்க இருக்கு? எங்க ஊர்ல பவர்லூம் ஓட்டிட்டிருந்த ஒரு பெரியவர் சர்க்கரை வியாதியில காலை இழந்தார். அவருக்குக் கிடைச்ச கால் இப்ப அட்டாலி மேல பழைய பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல கிடக்கு. அவர் கட்டைய ஊனிக்கிட்டுதான் நடக்கறார். "கடிக்குதுப்பா" என்பார். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு புரிஞ்சா இந்த சப்ஜெக்ட்ல பாதி புரிஞ்ச மாதிரி.

எல்லாமே சாக்கெட்டுலதான் இருக்கு

செயற்கைக் காலுக்கு மூணு முக்கியமான பாகம். மிச்சக் கால் உள்ளே போற கிண்ணம், அதுதான் சாக்கெட். நடுவுல கணுக்கால் வரைக்கும் ஒரு தண்டு. கீழே பாதம். எல்லாரும் பாதத்தைத்தான் பார்ப்பாங்க. மாட்டறவனுக்கு சாக்கெட்தான் உயிர்.

ஏன்னா, உள்ளங்கால் தோல் வெயிட் தாங்கறதுக்குன்னே தடிமனா வளர்ந்தது. கெண்டைக்கால் தோல் அப்படி இல்ல. அதனால வெயிட்டை எங்க ஏத்தணும், எங்க ஏத்தக் கூடாதுன்னு டெக்னீஷியன் முடிவு பண்ணணும். முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கற தசைநார் தாங்கும். முட்டிக்கு வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கற எலும்பு தாங்காது. மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சுல தாங்கற இடத்துல கொஞ்சம் செதுக்கி, தாங்காத இடத்துல கொஞ்சம் பூசி, அது மேலதான் சாக்கெட் செய்வாங்க. கிட்டத்தட்ட சிற்ப வேலை.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. மிச்சக் கால் ஒரே சைஸ்ல நிக்கறதில்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் வீக்கம் வத்தி, தசை சுருங்கி, முதல் வருஷத்துல அளவு நிறைய மாறும். அதனால முதல் சாக்கெட் சீக்கிரமே லூசாகும்ங்கறது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். லூசானா உள்ளே கால் மேலும் கீழும் உரசும், புண்ணாகும். பெரியவர் சொன்ன "கடிக்குது" இதுதான். அவருக்கு ரெண்டாவது சாக்கெட் தேவைப்பட்டிருக்கு. கால் குடுத்தவங்க யாரும் திரும்ப வரச் சொல்லல.

எனக்கும் முதல் இடத்துல அதேதான் நடந்தது. மாட்டி, நாலு அடி நடக்க வெச்சு, கையெழுத்து வாங்கி அனுப்பிட்டாங்க. ரெண்டாவதா போன இடத்துல ஒரு அக்கா வேலை பார்த்தாங்க. என்னை ஒரு மணி நேரம் நடக்க விட்டு, காலைக் கழட்டச் சொல்லி, தோலைத்தான் முதல்ல பார்த்தாங்க. "தம்பி, செவந்திருந்தா பரவாயில்ல. பத்து இருபது நிமிஷத்துல அந்தச் செவப்பு போகலைன்னா கால மாட்டாத, இங்க வா." அந்த ஒரு ரூல் இன்னிக்கு வரைக்கும் என்னைக் காப்பாத்துது.

ஒரு நாளைக்குள்ளயே மாறும்

காலையில டைட்டா இருக்கற சாக்கெட் சாயங்காலம் லூசாகும். சாக்கெட்டுக்குள்ள அழுத்தம் இருக்கறதால நாள் முழுக்க திசுவுல இருக்கற நீர் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறும். அதுக்குத்தான் ஸ்டம்ப் சாக்ஸ். அன்னூர்ல இருந்து காந்திபுரத்துக்கு பஸ்ல போய் வேலை பார்த்துட்டுத் திரும்பறப்ப, பையில ரெண்டு சாக்ஸ் எக்ஸ்ட்ரா இருக்கும். மத்தியானம் ஒண்ணு சேர்த்துக்குவேன். சித்திரை வெயில்ல வேர்த்தா கழட்டித் துடைச்சு திரும்ப மாட்டணும். ராத்திரி லைனரைக் கழுவிக் காயப் போடணும். ஆபீஸ்ல நான் பத்து நிமிஷம் காணாமப் போனா டீ குடிக்கப் போயிருக்கேன்னு நினைப்பாங்க. பாதி நாள் இதுக்குத்தான்.

பந்தியும் கோயிலும்

மேலை நாட்டுப் பாதங்கள் பெரும்பாலும் ஷூவுக்குள்ள போறதை மனசுல வெச்சு செஞ்சவை. நம்ம வாழ்க்கை தரையில நடக்குது. கீழ உக்காரணும், வரப்புல நடக்கணும், வாசல்ல செருப்பைக் கழட்டணும்.

இதுக்குப் பதிலாத்தான் 1968-ல ஜெய்ப்பூர் கால் வந்தது. ராம் சந்திர சர்மா ஒரு கைவினைக் கலைஞர். டாக்டர் பி.கே. சேத்தி எலும்பு மருத்துவர். ரப்பரும் மரமும் வெச்சு, டயர் ரீட்ரெட் பண்ற மாதிரியே அச்சுல வேக வெச்சு, வெறுங்காலோட நடக்கக் கூடிய, தண்ணியில நனையக் கூடிய, குத்தவெச்சு உக்கார வளைஞ்சு குடுக்கற ஒரு பாதத்தை உருவாக்கினாங்க. பிற்பாடு கால் தண்டுக்கு ஹெச்.டி.பி.ஈ. பைப் வந்தது. ஆமாங்க, நம்ம தோட்டத்துல தண்ணி பாய்ச்சற அதே வகை பிளாஸ்டிக். சூடு பண்ணி அச்சு மேல இழுத்து மாட்டினா கால் ரெடி. 1975-ல டி.ஆர். மேத்தா தொடங்கின பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதை இலவசமா நாடு முழுக்கக் கொண்டு போச்சு. யாழ்ப்பாணத்துலயும் போர்ல கால் இழந்தவங்களுக்கு இந்தக் கால்தான் பெரிய துணையா இருந்தது.

நான் போட்டிருக்கறது வேற வகை, ஷூவுக்கு அளவு வெச்சது. அதோட வம்பு கோயில்லதான் தெரியும். எங்க ஊர் மன்னீஸ்வரர் கோயில்ல செருப்பைக் கழட்டினதும் குதிகால் பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயரம் குறைஞ்சுடுது. தண்டு பின்னாடி சாயும். சமதரையிலயே மேடு ஏறற மாதிரி இருக்கும். அதனால கோயிலுக்குப் போறப்ப குதிகால் பக்கம் ஒரு சின்ன அட்டையை ஒட்டின சாக்ஸ் போட்டுக்குவேன். பார்த்தவங்க வினோதமா பார்ப்பாங்க. பார்த்துட்டுப் போகட்டும்.

முட்டிக்கு மேல கால் இழந்தவங்களுக்கு கஷ்டம் இன்னும் அதிகம். முட்டியையும் மெஷின்தான் செய்யணும், நடக்க சக்தியும் கூடுதலா செலவாகும். சென்னை ஐஐடி-யோட ஆர்2டி2 மையம் 2022-ல 'கதம்'னு ஒரு முட்டியை வெளியிட்டது. 160 டிகிரி வரைக்கும் மடங்கும். பஸ் சீட்டுக்கு நடுவுல காலை இடுக்கி உக்கார்றவங்களுக்கு இந்த நம்பரோட மதிப்பு தெரியும்.

இல்லாத கால் வலிக்கும்

இதை நிறைய பேர் வெளிய சொல்ல பயப்படறாங்க, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுடுவாங்களோன்னு. வெட்டின காலோட கட்டைவிரல் அரிக்கும், முறுக்கிப் பிடிக்கும். காலுக்கான வரைபடம் மூளையில அப்படியே இருக்கு, கால் மட்டும் இல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் 1990-கள்ல இதுக்கு ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கற கையோட பிம்பம் இல்லாத கை இருக்கற இடத்துல தெரியற மாதிரி வெச்சு அசைக்கச் சொன்னார். சிலருக்கு வலி குறைஞ்சது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. ஆனா டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லலாம், அதுக்கு ஒரு பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு.

வலியே தெரியாம போறது இதைவிட ஆபத்து. வேலூர் சி.எம்.சி.-யில வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகள்கிட்ட கண்டுபிடிச்சது இதுதான்: உணர்வு செத்த பாதத்துக்குக் காயம் பட்டதே தெரியாது. சர்க்கரைக்காரங்களுக்கும் இதே கதை. வீட்டுல சர்க்கரை இருக்கற அப்பா அம்மா இருந்தா, ராத்திரி அவங்க உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. காலிபரோ, பக்கவாதத்துக்கு அப்புறம் பாதம் தொங்காம இருக்கப் போடற ஸ்ப்ளின்ட்டோ மாட்டறவங்களுக்கும் இதே ரூல். கழட்டினதும் தோலைப் பாக்கணும். ஸ்ப்ளின்ட் உள்ளே போக ஒரு சைஸ் பெரிய செருப்பு வேணும். இதைச் சொல்லாம குடுத்தா அதுவும் அட்டாலிக்குத்தான் போகும்.

எங்க போறது?

முதல்ல கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்க யு.டி.ஐ.டி. அட்டைக்கு வழி சொல்லுவாங்க. 2016-ம் வருஷச் சட்டப்படி 21 வகைக் குறைபாடுகளுக்கு அங்கீகாரம் இருக்கு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்னு சான்று வேணும். செயற்கைக் கால், காலிபர் எல்லாம் அரசு மூலமா இலவசமா வாங்க வழி இருக்கு. சென்னை கே.கே. நகர்ல இதுக்குன்னே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு.

எங்க வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க. லூசானா சரி பண்ணித் தருவீங்களா? அடுத்த சாக்கெட் எப்ப? நடக்கச் சொல்லித் தர்றது யாரு? மூணுக்கும் பதில் வரலைன்னா, அங்க குடுக்கறது பொருள் மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. 1981-ல திருச்சிப் பக்கம் பஸ் விபத்துல காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோட திரும்ப மேடை ஏறி ஆடினாங்க. எனக்கும் அவங்கள ரொம்பப் பிடிக்கும். ஆனா செயற்கைக் கால் போட்டவங்களைப் பார்த்ததும் "நீங்களும் சாதிக்கணும்"னு ஆரம்பிச்சுடாதீங்க. நான் சாதிக்கறதுக்குக் கால் மாட்டல. மளிகைக் கடைக்குப் போக மாட்டறேன். கேக்கணும்னா, "சாக்கெட் சரியா இருக்கா?"ன்னு கேளுங்க. அப்படிக் கேக்கறவங்ககிட்ட நான் அரை மணி நேரம் பேசுவேன்.

அந்தப் பெரியவர்கிட்டயும் கேட்டேன். அவருக்குக் கால் வத்தின இடத்துக்குப் புது அச்சு எடுக்கணும். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன். பழைய பாதமும் தண்டும் நல்லாத்தான் இருக்கு, சாக்கெட் மட்டும் மாத்தினா போதுமான்னு அங்க பார்த்துச் சொல்லுவாங்க.

உங்க வீட்டு அட்டாலியையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வரேனுங்க.