மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையா?

கிணற்று மேட்டிலுள்ள மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். தண்ணீரின்றி ஓடினால் சீல் கருகிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பம்ப்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஊற்ற இறங்குகிறதா? உறிஞ்சு குழாய் இணைப்புகளில் கசிவு இல்லையென்றால் கோளாறு புட்வால்வில்தான். பெரும்பாலும் சருகோ பாசியோ சிக்கியிருக்கும், வாஷரும் தேய்ந்திருக்கலாம்.

ஊற்றிய தண்ணீர் நின்றும் ஏறவில்லையெனில், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். பம்ப்பிலிருந்து சுமார் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் மேட்டிலுள்ள பம்ப் சரியாக இழுக்காது. கோடையில் பலர் இங்குதான் ஏமாந்து, கூடுதல் குதிரைத்திறன் மோட்டார் வாங்குகிறார்கள். அது வீண் செலவு. பம்ப்பைக் கீழே இறக்கி வையுங்கள், அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுங்கள்.

மும்முனை மோட்டாரில் ஒயர் மாற்றிய பிறகு தண்ணீர் குறைந்தால், அது எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு பேஸ் ஒயர்களை எலக்ட்ரீஷியன் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.